மூன்றாவது சில்லர்

வெளியே மே மாதம்.
உள்ளே நான் ஸ்வெட்டரில்.

ஒயிட்ஃபீல்டில், பதினெட்டு டிகிரியில்,
யார் யாரோ எடுத்த கல்யாணப் படங்கள்
கட்டாத கடன்களின் கணக்கு
அனுப்பாமல் வைத்த கடிதங்கள்
கெட்டுப்போகாமல் இருக்கின்றன.
மீன்கூடைக்கு ஐஸ் போல
இரவு பகலாகக் குளிரைக் கொட்டுகிறோம்.

ஏன் பதினெட்டு என்று கேட்டேன்.
"நான் சேர்ந்தப்பவும் பதினெட்டு" என்றார் ஷரணப்பா.
அதற்குமேல் அந்த எண்ணுக்கு வரலாறு கிடையாது.
சர்வரோடு வந்த புத்தகத்தில்
இருபத்தேழு வரை பொறுப்பேன் என்று
அதுவே எழுதித்தான் கொடுத்திருக்கிறது.
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை யாரும்.

நான் மாரிக்குப்பம் ரயிலில் வருகிறவள்.
எங்கள் லைனில் பூமிக்குள் இறங்கியவர்கள்
முதலில் விசாரித்தது காற்றை;
தங்கம் அப்புறம்.

இங்கே புகை ஆகாது.
ஒரு ஊதுவத்தி போதும், கட்டடமே அலறும்.
துப்பட்டா ஓரத்தில் நூல் உருவினேன்,
நீலம், ஒரு சாண்.
பட்டம் விடத் தெரியாத பிள்ளை மாதிரி
அதை உயர்த்திப் பிடித்து
வரிசை வரிசையாக நடந்தேன்.

எண்பத்திரண்டாம் ரேக்கில்
நூல் என் பக்கம் படுத்தது.
சர்வர் கழற்றிய காலி வாய்;
பின்னால் துப்பிய சூட்டையே
முன்னால் வந்து மறுபடி விழுங்கிக்கொண்டிருந்தது.
கேபிள் இறங்கும் தரை ஓட்டையில்
நூல் எழுந்து நின்றது.
டிக்கெட் எடுத்துவிட்டு பஸ் ஏறாதவன்போல்
குளிர் ஒரு வேலையும் செய்யாமல்
கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நூற்றுப் பதினேழு வாய். முப்பத்தொரு ஓட்டை.

மூடுகிற தகடு வர ஆறு வாரம் என்றார்கள்.
இன்பராஜும் நானும்
கிடங்கில் கிடந்த பாலிகார்பனேட்டை அறுத்தோம்,
மூன்று இரவு,
விரல் நுனியெல்லாம் வெள்ளைப் பொடி.

கட்டிமனி சார் டிகிரியை
கைமாற்றுக் காசுபோல் எண்ணி எண்ணித் தந்தார்.
பத்தொன்பது. இரு, நாளைக்குப் பார்க்கலாம்.
இருபது.
இருபத்திரண்டில் அவர் தூங்கவில்லை.
இருபத்துநாலில் நான்.

இரவு இரண்டு நாற்பதுக்கு
மூன்றாவது சில்லர் நின்றது.
நின்ற பிறகுதான் தெரிந்தது,
இத்தனை நாளும் அது
என் கடைவாய்ப் பற்களுக்குள் ஓடியிருக்கிறது.
இன்பராஜ் தும்மினான்.
தும்மல் எனக்குக் கேட்டது.
இருவரும் சிரித்துவிட்டோம்.

வேலைக்கு ஒரு ரூபாய் என்றால்
அதை ஆற்றிவைக்க எண்பது பைசா ஆகிக்கொண்டிருந்தது.
இப்போது ஐம்பது.
மீதி முப்பது பைசாவை
எங்கே போய்ப் பார்ப்பது?
மீட்டரில் ஒரு முள் கொஞ்சம் சோம்பலாக இருந்தது,
அவ்வளவுதான்.

வாசலில் டேங்கர்.
ஆறு லோடு நாலாகிவிட்டது என்று
முனிவெங்கடப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.
"போருக்கு நல்லதுதாம்மா.
என் வண்டித் தவணைக்கு?"
டீ வாங்கிக் கொடுத்தேன்.
அதற்கு அவர் காசு கொடுக்கப் பார்த்தார்.

பதினோராம் நாள் லாரி வந்தது.
நாற்பது புது ரேக்,
ஒவ்வொன்றும் பழைய மூன்றின் சூடு.
நான் மிச்சம் பிடித்த மின்சாரத்துக்கு
அது மிச்சமாவதற்கு முன்பே
முகவரி எழுதி வைத்திருந்தார்கள்.
கட்டிமனி சார் கை குலுக்கினார்.
"உன்னாலதான் இடம் கிடைச்சது."
அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

மூன்றாவது சில்லர் இருமிக்கொண்டு எழுந்தது.

இன்பராஜ் கேட்டான், அப்போ வீணா?
இதே நாற்பது பழைய கணக்கில் வந்திருந்தால்
நாலாவதும் ஓடியிருக்கும் என்றேன்.
உண்மைதான்.
ஆனாலும் சொல்லும்போது குரல் ஒத்துழைக்கவில்லை.

ஸ்வெட்டர் லாக்கரில் கிடக்கிறது.
எண்பத்திரண்டில் கட்டிவிட்ட நீல நூல்
எந்தப் பக்கமும் சாயாமல் தொங்குகிறது.
புது வரிசையில் பிளாஸ்டிக் வாசனை,
இன்னும் ஒட்டாத எண்கள்,
முதல் ரேக்கிலேயே இரண்டு காலி வாய்.

துப்பட்டா ஓரம்
இன்னும் ஒரு முழம் இருக்கிறது.